சித்தி ராட்டினம் ஏறிய சித்திரை

வெயில் தாழும் நேரத்தில் லாரியில் கொண்டுவந்து தெளித்த தண்ணீர் மண்ணைத் தொட்டதும் குப்பென்று கிளம்பும் சூட்டு வாசனையோடு, ராட்டினத்தைச் சுற்றவைக்கும் எஞ்சினின் டீசல் புகையும் கலந்துவரும். கொஞ்ச நேரத்தில் இவை இரண்டையும் அமுக்கிவிட்டு டெல்லி அப்பளம் பொரிகிற எண்ணெய் வாசனை மேலே வந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் வளர்ந்த எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் தமுக்கம் மைதானத்தில் சித்திரை மாதம் போடும் பொருட்காட்சிதான். குளிர்ந்த மலைகளுக்கோ கடற்கரைகளுக்கோ போகிறவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து நாங்கள் காத்துக்கிடந்தது அந்த ஒரு சாயங்காலத்துக்காக.

ஆனால் அந்தச் சாயங்காலம் சண்டையும் அழுகையும் அலுப்பும் இல்லாமல் கழிந்ததற்கு முழுக்க முழுக்க வள்ளிமயில் சித்திதான் காரணம். சித்தி என் அம்மாவின் தங்கை. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அப்பா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சித்தி எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் என்னையும் என் தம்பி சேகரையும் அம்மாவைவிட அவள்தான் அதிகம் மேய்த்தாள். பொருட்காட்சிக்குப் போவதற்கு அவளிடம் ஒரு தனிப் பக்குவம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், ஊரே அங்கேதான் நிற்கும். செவ்வாயோ புதனோ போக வேண்டும் என்பாள். போகிற நாளன்று மத்தியானம் எங்களைக் கட்டாயமாகத் தூங்கவைத்து, எழுந்ததும் தயிர்ச்சோறு போட்டு, நைந்துபோன பருத்திச் சட்டைகளாகப் பார்த்து மாட்டிவிடுவாள். நான் பட்டுப்பாவாடை கேட்டு அழுத வருஷம்கூட, "உன்னைய யாரு பாக்கப் போறா, நீதான பாக்கப் போற" என்று சொல்லி என்னை அடக்கிவிட்டாள்.

உள்ளே நுழைந்த பிறகும் அவள் சொல்படிதான் எல்லாம் நடக்கும். "மொதச் சுத்துக்குக் கண்ணு மட்டுந்தான். ரெண்டாஞ் சுத்துலதான் கையும் வாயும்." முதல் சுற்றில் எதையும் கேட்கக் கூடாது. எல்லாக் கடையையும் பார்த்துவிட்டு, பிறகு ஆளுக்கு ஒன்று சொல்லலாம். ராட்டினமெல்லாம் ஏறி இறங்கின பிறகுதான் அப்பளமும் பஞ்சு மிட்டாயும். நடுவில் ஒரு மரத்தடியில் பழைய போர்வையை விரித்து எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்தாக வேண்டும். கால் வலிக்கவில்லை என்று நாங்கள் சத்தியம் செய்தாலும் விடமாட்டாள். எல்லாவற்றிலும் கடினமானது திரும்பிக் கிளம்புவதுதான். "இன்னுங் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது பாரு, அப்பவே கெளம்பிரணும். அலுத்துப்போயிக் கெளம்புனா நாளைக்கு அலுப்புதான் ஞாபகத்துல இருக்கும்" என்பாள். அப்படிக் கிளம்பியதால்தானோ என்னவோ, கோரிப்பாளையத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்தபடி பார்த்த விளக்குகள்கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு சித்திக்குக் கல்யாணம் ஆனது. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர். நெல்லும் கரும்பும் விளைகிற தோட்டம், கூட்டுக்குடும்பம், கை நிறைய வேலை. சித்தப்பா வாய் பேசாத நல்ல மனிதர். பையன் பிறந்து நடை பழகிக்கொண்டிருந்த சமயம், மழைக்காலத்தில் ஒரு காலை, தோட்டத்து மோட்டாரைப் போடப் போன இடத்தில் மின்சாரம் தாக்கி அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அப்பா போய்ப் பேசி, சித்தியையும் குழந்தை பாண்டியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பசுமலையில் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டால் பிற்காலத்தில் யார் கையையும் அவள் எதிர்பார்க்க வேண்டாம் என்பது அப்பாவின் எண்ணம். சித்தப்பாவின் அண்ணன்தான் அந்த வீட்டில் பெரியவர். நாங்கள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவோம். "படிக்கட்டும்ணே, பையனும் டவுனுல வளரட்டும்" என்று அவரும் அரைமனதாகச் சம்மதித்திருந்தார்.

வந்த சித்தி பழைய சித்தியாக இல்லை. கட்டுவது வெளிறிய நூல்சேலை, நெற்றி வெறுமை. அடுப்படியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். சேகரும் நானும் சண்டை போட்டால் விலக்கிவிடக்கூட மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சித்திரையில் பொருட்காட்சி ஆரம்பித்ததைத் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வள்ளி, இன்னைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் பொருட்காட்சிக்குப் போறோம். நீயும் வாரே."

"நான் எதுக்கு மாமா அங்க? அக்கா வரட்டும்."

"உங்கக்காவுக்குக் கூட்டத்துல தலை சுத்தும். மூணு வாண்டையும் நான் ஒருத்தன் எப்பிடித் தாயி பாக்குறது? சும்மா பிள்ளையப் பிடிச்சிக்கிட்டு நில்லு, போதும்."

அம்மா உள்ளேயிருந்து, "போய்ட்டு வா வள்ளி. எம்புட்டு நாளைக்குத்தான் இந்தச் சொவத்தையே பாத்துக்கிட்டு இருப்ப?" என்றாள்.

அன்று மத்தியானம் சித்தி எங்களைத் தூங்கச் சொன்னாள். எழுந்தபோது தயிர்ச்சோறு பிசைந்து தயாராக இருந்தது, பழைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கடைப் பக்கம் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மைதானத்தில் முதல் சுற்று முழுக்கச் சித்தி தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். ராட்சத ராட்டினத்துக்கு முன்னால் வந்ததும், செருப்புகளையும் பைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். சேகருக்கு ராட்டினத்தின் மேல் ஆசையும் பயமும் சம அளவில் உண்டு. எப்போதும் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் ஏறுவான். "சித்தி வந்தாத்தான் நான் ஏறுவேன்" என்று அடம்பிடித்தான். அப்பா தூங்கிப்போயிருந்த பாண்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "போ தாயி, பைய நான் பாத்துக்கிறேன்" என்றார். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

ராட்டினம் முதலில் மெதுவாகத்தான் ஏறியது. உச்சிக்குப் போனபோது மைதானத்தின் விளக்குகளும், அதற்கப்பால் வைகையின் வெறும் மணலும், தூரத்தில் கோபுரமும் தெரிந்தன. அங்கிருந்து இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ கழன்று மேலே வருமே, அந்த நொடியில் சித்தி "ஆத்தாடி" என்று கத்தினாள். கத்திய வாய் மூடாமல் அப்படியே சிரிப்பாக மாறியது. அடுத்த முறை இறங்கும்போதும் சிரித்தாள். பிறகு ஏறும்போதும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, என் கையைத் தன் கைக்குள் நெரித்துக்கொண்டு, பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, நிறுத்தவே முடியாதவள் மாதிரி சிரித்தாள். எனக்குப் பதினோரு வயது. சித்தி பழையபடி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே அப்பா எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

இறங்கி வந்தபோதும் சித்தியின் முகத்தில் அது மிச்சமிருந்தது. தடுப்புக் கம்பிக்கு வெளியே, ஊர்க்காரர்கள் இரண்டு பேரோடு பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்து, "வந்திருக்கீகளாண்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை. சித்தியைப் பார்க்காமலே, "புள்ள தூங்குதா?" என்று கேட்டு, அப்பாவின் தோளில் இருந்த பாண்டியின் முதுகை ஒரு முறை தடவிவிட்டுப் போய்விட்டார். சித்தி செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அன்றைக்கு நாங்கள் மரத்தடியில் உட்காரவில்லை.

அந்த வாரமே பெரியப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். தன் ஆத்தாவுக்குப் பேரனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஊர்த் திருவிழா முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். சித்தி பாண்டிக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு, மாற்றுத்துணியும் பால்புட்டியும் வைத்துக் கொடுத்தாள். பஸ் ஏறும்வரை அவன் அழவில்லை என்று கூடப் போய்வந்த அப்பா சொன்னார்.

திருவிழா முடிந்தது. குழந்தை வரவில்லை. ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பியும் வராமல் போகவே அப்பாவே கிளம்பிப் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னதை நான் உள்ளிருந்து கேட்டேன்.

"அங்க வந்து இருக்கதுன்னா இருக்கட்டுமாம். பிள்ளை அவகிட்டயே இருக்குமாம். வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஊரு பாக்க ராட்டினத்துல ஏறிச் சிரிக்கிறவள நம்பி எங்க வீட்டுப் பிள்ளைய விட முடியாதுங்கிறாரு."

"சிரிச்சா என்னவாம்? இருவத்தி மூணு வயசுப் புள்ள, சிரிக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டாள். அப்பாவிடம் கேட்டு என்ன செய்ய. "நான்தான அவளக் கூப்பிட்டேன். அவ வரலன்னுதான சொன்னா" என்று அவர் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸுக்குப் போகலாமா, வக்கீலைப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சு நடந்தது. மூன்றாவது நாள் காலையில் சித்தி குளித்துவிட்டுப் பையோடு வந்து நின்றாள்.

"வேணாம் மாமா. கேசு கீசுன்னு போனா அவன் வளந்தே போயிருவான். நான் போறேன். புள்ள அங்கன இருக்கையில நான் இங்கன படிச்சு என்ன செய்யப் போறேன்."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தி அழவில்லை. பசுமலையில் சேருவதற்காகச் சீருடையாக வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சேலைகளை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் பொருட்காட்சிக்கு அப்பா வரவில்லை. அம்மாதான் எங்களைக் கூட்டிப்போனாள். அது ஞாயிற்றுக்கிழமை. உள்ளே நுழைந்ததும் அழுது அடம்பிடித்து அப்பளம் தின்றோம். பிறகு ராட்டினம் ஏறி, சேகர் என் பாவாடை மேலெல்லாம் வாந்தி எடுத்தான். ஒரு செருப்பு தொலைந்தது. பஸ் கிடைக்காமல் நெடுநேரம் நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வந்தோம். அதற்குப் பிறகு நாங்கள் போகவேயில்லை. போகலாம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

சித்தியை வருஷத்துக்கு ஓரிரு முறை அந்த ஊரில் பார்ப்போம். களை எடுத்துவிட்டோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டோ வருவாள். எங்களுக்குக் கறியும் சோறும் ஆக்கிப் போடுவாள். நன்றாகத்தான் பேசுவாள். நாங்கள் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் அவளை யாரும் அடிக்கவோ பட்டினி போடவோ இல்லை. பாண்டியை நன்றாகவே வளர்த்தார்கள். அதனால் கேட்பதற்கும் எதுவும் இல்லாமல் போயிற்று. பெரியப்பா இறந்தபோது அவருக்காக அதிகம் அழுதவள் சித்திதான் என்று அம்மா சொன்னாள்.

இன்று தமுக்கத்தில் குளிரூட்டிய மண்டபம் எழும்பி நிற்கிறது. பொருட்காட்சியைப் பற்றிக் கேட்டால் என் பேரப்பிள்ளைகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. ஊருக்கு வெளியே பெரிய பெரிய தீம் பார்க்குகள் வந்துவிட்டன. எந்தக் கிழமை போவது, எதில் முதலில் ஏறுவது என்பதற்கெல்லாம் யோசனை சொல்லக் கைபேசி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. சித்தி போன ஆண்டு இறந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் பாண்டியின் வீட்டில் இருந்தேன். அவன் கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. சொந்தங்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு பந்தலுக்கு அடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"எங்கம்மாவுக்கு எதுவுமே பிடிக்காதுக்கா" என்றான். "சினிமாவுக்குக் கூப்பிட்டா வராது. போன லீவுல பிள்ளைக எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத் தீம் பார்க்குக்குப் போனோம். அம்மாவையும் எப்பிடியோ கெளப்பிட்டேன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நெழல்ல உக்காந்து பையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணுல ஏறல. பழக்கமில்லாத மனுஷி, பாவம்."

நான் அவனுக்குச் சொன்னேன். அப்பாவின் தோளில் அவன் தூங்கிக்கொண்டிருந்ததிலிருந்து, வாழைப்பழச் சீப்பு, பவுடர் போட்ட முகம், அலமாரியில் கிடந்த வெள்ளைச் சேலைகள் எல்லாவற்றையும். முடித்த பிறகு அவன் கேட்டான்.

"அம்மா சத்தமாவா சிரிச்சுச்சு?"

"சத்தமாத்தான்."

"நான் கேட்டதே இல்லக்கா."

சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துத் தேடி, தீம் பார்க்கில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினான். ஒரு குடைக்குக் கீழே, மடியில் பைகளோடு, வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்தபடி சித்தி உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். முகம் கலைந்து வெறும் நிறங்களானதும் மறுபடி சின்னதாக்கி, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.