எண்ணூருக்கு எடுத்துப்போன மன்னிப்பு

சனிக்கிழமை காலை 6.50. எழும்பூரில் இறங்கியபோது என் கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு கிலோ கருப்பட்டி, வேதப்புத்தகம், ஒரு மாற்றுச் சேலை. மனதுக்குள் நாலு வாக்கியங்களை ஒப்பித்துத் தயாராக வைத்திருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர் வந்ததே அந்த நாலு வாக்கியத்தைத் தம்பியிடம் சொல்லத்தான். சொல்லிவிட்டு அன்று மாலையே ரயிலேறினால் ஞாயிறு காலை ஆராதனைக்கு எங்கள் கோயிலில் இருக்கலாம். திரும்ப டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எதையும் இப்படித்தான் செய்வேன்.

தம்பி செல்வின் முப்பது வருஷமாக எண்ணூரில் இருக்கிறான். கயிறு, தார்ப்பாய்க் கடை. படகுக்காரர்களும் லாரிக்காரர்களும்தான் வாடிக்கை. நாங்கள் பேசி நாலு வருஷமாகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று, அவன் ஊர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவன், போதகர், சபையார், சொந்தபந்தம் எல்லார் முன்னாலும், “நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்று கத்திவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுப்பதில்லை. சட்டம் ஒன்றுமில்லை, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன் முழங்காலிடப் போகும்போது, சண்டைக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். நான் நாலு வருஷமாக இருக்கிறேன். என் முழங்காலை இடித்துக்கொண்டு தாண்டிப் போகாத ஆள் எங்கள் வரிசையில் இல்லை. “இன்னுமா டீச்சர்?” என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு போவார்கள். பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் போதகர் மலைப்பிரசங்கத்திலிருந்து பேசினார். காணிக்கை கொண்டுவந்தவன் அதைப் பீடத்தண்டையில் அப்படியே விட்டுவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் ஆகவேண்டும் என்ற பகுதி. சரி, போய் மன்னித்துத் தொலைத்துவிட்டு வருவோம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 7.40. எழும்பூரிலிருந்து பீச் ஸ்டேஷன் போய், அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறவேண்டும். இறங்கவேண்டிய இடம் கத்திவாக்கம். டிக்கெட் பத்து ரூபாய். பீச் ஸ்டேஷனில் டீ பன்னிரண்டு ரூபாய், கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு. 8.15க்கு வண்டி கிளம்பியது. உட்கார இடம் கிடைத்தது.

ராயபுரத்தில் ஒரு மீன்காரம்மா அலுமினியக் கூடையோடு ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். பெயர் தனம், முகத்துவாரக்குப்பத்துக்காரர். எண்ணூர் முகத்துவாரத்தில் இருந்துகொண்டு காசிமேட்டுக்கு வந்து மீன் வாங்கிப் போகிறீர்களே என்றேன்.

“ஆத்துல இப்ப இன்னா மீனு கீது? வலைய போட்டா சேறுதான் வருது,” என்றார். “நீ எங்கம்மா போற? வெளியூரா?”

தம்பியைப் பார்க்கப் போகிறேன், சண்டை, நாலு வருஷம், மன்னிக்கலாம் என்று வந்திருக்கிறேன் என்றேன். ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் இப்படியெல்லாம் சொல்லிவிடலாம், அதுதான் ரயிலில் உள்ள வசதி.

“அவுரு வந்து கேட்டாரா, மன்னிச்சுக்கோன்னு?”

“இல்லை.”

“கேக்காத வூட்டுக்கு மீனு எடுத்துகினு போனா நாறிப் பூடும்மா,” என்றார் தனம். பிறகு கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு வேதம் என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். கொருக்குப்பேட்டை தாண்டி சிக்னலுக்காக வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளங்கள் ஏழெட்டு, அதற்கப்பால் தண்டையார்பேட்டைப் பக்கத்துக் குடோன் கூரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள். பார்க்க அதிகம் இல்லை. எனக்குச் சாதகமாக ஒரு சாட்சி வேண்டும் என்று வேதப்புத்தகத்தை எடுத்து அந்தப் பகுதியைப் பிரித்தேன்.

மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்த வசனம். சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் போய்ச் சரிசெய் என்று இருப்பதாகத்தான் இத்தனை வருஷம் என் நினைப்பு. அங்கே அப்படி இல்லை. “உன்பேரில்” என்று இருந்தது. குறை எனக்கு இல்லை. என்மேல் அவனுக்கு.

இரண்டு தடவை விரலை வைத்துப் படித்தேன். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். எத்தனை பேர் காதைத் திருகியிருப்பேன். திருவொற்றியூரும் போயிற்று. விம்கோ நகரில் பாதிக் கூட்டம் இறங்கியது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை ஓய்ந்த பிறகும் அதன் பெயரை விடாமல் வைத்திருக்கும் பேட்டை அது. நான் நாலு வாக்கியத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியம், ‘நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன்.’ அதற்குமேல் வாய் வரவில்லை.

காலை 9.10. கத்திவாக்கம். கடைவரை ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். முன் கண்ணாடியில் ஒரு பக்கம் வசன ஸ்டிக்கர், மறுபக்கம் அம்மன் படம். நீங்கள் கிறிஸ்தவரா என்று கேட்டேன்.

“இல்லம்மா. வசனம் வண்டியோட வந்துச்சு, அம்மன் என்னோட வந்துச்சு,” என்றார் டிரைவர். “அதுங்க ரெண்டும் சண்ட போட்டுக்கல. நான் இன்னாத்துக்கு ஸ்டிக்கரக் கீச்சணும்?”

இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று கன்டெய்னர் லாரிகள் எங்களை ஓரம் தள்ளின. இடப்பக்கம் எண்ணெய்த் தொட்டிகள், வலப்பக்கம் வீடுகளுக்கு நடுவே அவ்வப்போது கடல். முகத்தைத் துடைத்தால் கைக்குட்டையில் கறுப்பு.

செல்வின் கடை வாசலில் ஒரு படகுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். “இன்னா மாமு, பத்து எம்.எம். கயிறு கீது, பன்னண்டு எம்.எம். நாளைக்குத்தான் வரும்,” என்றவன், என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். தலை நன்றாக நரைத்திருந்தது.

“வாங்க,” என்றான்.

எங்கள் ஊரில் கூடப்பிறந்த அக்காவை யாரும் ‘வாங்க’ என்பதில்லை. ‘வாக்கா’ என்பார்கள்; கோபமென்றால் பேசாமல் இருப்பார்கள். இந்த மரியாதை அடியைவிட மோசம். அவன் மனைவி ஓடிவந்து கருப்பட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே அழைத்துப்போய் இட்லி வைத்தாள். சாப்பிட்டேன். கடைக்குத் திரும்பி வந்தேன். கயிற்றுச் சுருளை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“உன்கிட்ட ஒன்னு சொல்லணும்,” என்றேன்.

“கடைல வேணாம். குப்பத்துக்கு இத போட்டுட்டு வரணும். ஏறுங்க.”

காலை 11.00. முகத்துவாரக்குப்பம். கொற்றலை ஆறு கடலில் சேரும் இடம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் கடல், எதிரே ஆற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நடுவே கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் மனிதர்கள். மணல் நம் ஊர் மணல்போல மஞ்சளாக இல்லை, சாம்பல் கலந்த நிறம். செல்வின் கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்து, கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் நின்றான். நானும் நின்றேன்.

“சொல்லுங்க.”

நாலு வாக்கியத்தையும் விட்டுவிட்டேன். “அன்னைக்கு நீ போன் பண்ணினது எனக்குக் கேட்டுச்சுலே,” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அடக்கத்துக்கு நாலு மணி என்று அறிவித்திருந்தது. மூன்றரைக்கு இவன் போன் செய்தான்: கோவில்பட்டி தாண்டிவிட்டேன், ஒரு மணி நேரம் பொறுங்கள், அம்மா முகத்தைப் பார்க்கவேண்டும் என்று. சரி என்றேன். நாலு மணிக்குப் பெட்டியை மூடச் சொன்னேன். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டவர்களிடம், டவர் கிடைக்கவில்லை, அவன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நாலு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி எனக்கே பாதி உண்மையாகிவிட்டது.

“தெளிவாக் கேட்டுச்சு,” என்றேன். “ஒரு மணி நேரம்னு சொன்ன. போதகர்கூட, தம்பிக்காகப் பொறுக்கலாமாம்மான்னு கேட்டாவ. நான்தான் மூடச் சொன்னேன்.”

“ஏன்?”

“பதினோரு மாசம் அம்மாவைத் தூக்கிப் படுக்க வச்சது நான். நீ ஞாயித்துக்கிழமை போன்ல ஜெபம் பண்ணிட்டு வச்சிருவ. கடைசி நாளும் ஊரே உனக்காகக் காத்துக் கெடக்கணுமான்னு ஆத்திரம். உனக்கு வலிக்கட்டும்னுதான் செஞ்சேன். டவர் அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய்.”

சொல்லிவிட்டேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

செல்வின் பேசியபோது எங்கள் ஊர்ப் பேச்சு வரவில்லை. “எல்லாரும் என்னாண்ட டவர் இல்ல, டவர் இல்லன்னாங்க,” என்றான். “நீ சரின்னு சொன்னது என் காதுல வுழுந்துச்சு. இல்ல, வுழலியோ, நானா நெனச்சுகினேனோன்னு நாலு வருசமா பைத்தியக்காரன் மாரி சுத்திகினு கீறேன். அக்கா அப்டி செய்யாது, நாம்பதான் தப்பா கத்திட்டமோன்னு ரெண்டு தபா ஊருக்கு டிக்கெட்கூட போட்டேன்.”

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்புறம் அவன் கேட்டான்: “மூஞ்சி எப்டி இருந்துச்சு?”

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. வெள்ளைப் பருத்திச் சேலை, நீலக் கரை. தாடையைச் சுற்றிக் கட்டிய துணியை மூடுவதற்கு முன் அவிழ்த்துவிட்டோம், வாய் திறக்கவில்லை. இடது கண் மட்டும் கொஞ்சம் மூடாமல் இருந்தது. இரண்டு தடவை நீவிவிட்டும் மூடவில்லை. நெற்றியில் சுருக்கமே இல்லை. கடைசி மாதத்தில் ஒட்டிப்போயிருந்த கன்னம் எப்படியோ சரியாகிவிட்டது. மூக்குத்தி கழற்றிய இடத்தில் ஒரு புள்ளி. “சிரிச்சாப்லயா?” என்று கேட்டான். “இல்ல, யாரையோ வையப் போறாப்ல,” என்றேன். அப்போதுதான் அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

மாலை 4.30. விம்கோ நகர் மெட்ரோ நிலையம்வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். எழும்பூருக்கு நாற்பது ரூபாய், சென்ட்ரலில் மாறவேண்டும். டிக்கெட்டை அவனே எடுத்துக் கையில் கொடுத்தான். நாளைக்கு முதல் ஞாயிறு, அதற்காகத்தான் அவசரமாக ஓடுகிறேன் என்பதையும் சொல்லியிருந்தேன். மறைக்க இனி என்ன இருக்கிறது.

“நானும் நாலு வருசமா திருவிருந்து எடுக்கலக்கா,” என்றான். “இங்க யாரும் கண்டுக்கமாட்டாங்க. நானா பின்னால குந்திக்குவேன்.”

டிக்கெட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

“நாளைக்கு நீ போய் எடு. நீ வந்து சொல்லிட்ட. எனக்கு இன்னும் கொஞ்ச நாளாவும்க்கா. சும்மா வாய்ல ஆச்சுன்னு சொல்லத் தெரியல.”

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்று ரயிலில் தோன்றியது.

ஞாயிறு காலை 6.40க்குத் திருநெல்வேலி. வீட்டுக்குப் போய்க் குளித்தேன். தலைமுடியிலிருந்து எண்ணூர்க் கறுப்பு தண்ணீரோடு ஓடியது. எட்டரைக்குக் கோயில். எண்ணூரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு எங்கள் கோயில் சுவர் கூசும்படி வெள்ளையாக இருந்தது. பீடத்துக்குப் போகும் நேரம் வந்தது. முன்வரிசை எழுந்தது, திரும்பியது. பிறகு எங்கள் வரிசை.

பக்கத்திலிருந்த ஜாய்ஸ் என்னைப் பார்த்து, “இன்னுமா டீச்சர்? தம்பி இன்னும் எறங்கி வரலயா?” என்று, இந்த முறை வாயைத் திறந்தே கேட்டாள்.

“அவன்மேல தப்பில்ல, ஜாய்ஸ். அன்னைக்கு அவன் போன் பண்ணினது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் மூடச் சொன்னேன்.”

வரிசை நகர்ந்ததால் அவள் போய்விட்டாள்.

எடு என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். போதகரிடம் கேட்டால் அவரும் போகலாம் என்றுதான் சொல்வார். நான் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவனுக்காகப் பொறுக்கவில்லை, இப்போது பொறுக்கிறேன்.