அவள் பிடித்து வைத்த இடம்

போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மஞ்சுளா தினமும் தன் ஷாலைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள். அடி தாங்காமல் புருஷனை விட்டு வந்து சூளகிரியில் நான் ஒளிந்திருந்த அறையை, அவனிடமே சொன்னவளும் அவள்தான். அவன் வந்து என் கையை உடைத்துவிட்டுப் போனான்.

"நீங்க சேந்து வாழணும்னுதான் சொன்னேன்டி" என்றாள்.

"இனிமே எங்கிட்ட பேசாத மஞ்சு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் நம்பரையும் பிளாக் செய்தேன். மறுநாளும் ஷால் கிடந்தது.

"கோவம் தீந்துச்சா? வா, உக்காரு."

நான் நின்றபடியே போனேன். "பாவம், எவ்ளோ ஆசையா கூப்புடுது" என்று பஸ்ஸில் எல்லோரும் என்னைத்தான் கடிந்தார்கள்.

வேலையை விட வழியில்லை. யாரிடமும் சொல்லாமல் குருபரப்பள்ளிக்கு அறை மாறினேன். முதல் நாள் காலை, கம்பெனி பஸ் போகட்டும், டவுன் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று பேக்கரி ஓரம் ஒதுங்கி நின்றேன். ஜன்னலிலிருந்து அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, நிறுத்துங்க! நம்ம புள்ள நிக்குது!"

பஸ் நின்றது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"இங்கதான் இருக்கியா? சொல்லவே இல்ல பாரு. உங்க வீட்டுக்காரரும் கேட்டுட்டே இருந்தாரு."

அவள் சிரிப்பில் துளி வஞ்சம் இல்லை. விரோதியாக வந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் மனதில் நாங்கள் இன்னும் தோழிகள்.

நான் ஏறவில்லை. அறைக்கு ஓடி, இன்னும் பிரிக்காத மூட்டையைத் தூக்கினேன்.

இப்போது வேறு ஊர், வேறு வேலை. பஸ்ஸில் யாராவது எனக்கென்று இடம் பிடித்து வைத்தால், இன்றும் நின்றபடியேதான் போகிறேன்.