எடுக்கலாம் என்று சொன்னவள் நான்

அந்த வண்டியில் ஏர்பேக் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் அண்ணனை அதை வாங்க விட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, கோயிலில் கண்ணை மூடி நின்றபோதுகூட வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்ற தைரியமாக இருக்கலாம்... அல்லது, இதை உள்ளே வைத்துக்கொண்டு இன்னொரு நாள் அந்தச் சாலையில் போக என்னால் முடியாது என்பதாலும் இருக்கலாம்.

நான் நாகர்கோவிலில் ஒரு கார் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு வண்டியைக் காட்டுவேன். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களோடு கூடப் போவேன். அதற்கென்றே ஷோரூம் பெயரில் ஒரு வண்டி நிற்கும். டெமோ வண்டி. கொஞ்ச காலம் ஓடியதும் அதை விலை குறைத்து விற்றுவிடுவார்கள். மற்றபடி புது வண்டியேதான் என்று சொல்லித்தான் விற்போம். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

அங்கே வண்டி ஓட்டிக் காட்டும் ஒரே பெண் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. கணவருக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லை. "பொம்பளை ரோடு ரோடா கார் ஓட்டித்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியணுமாக்கும்?" என்பார். எங்காவது ஓர் இடி, ஒரு கீறல் என்றால் அன்றோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்பவற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஒரு மழைநாளில் குலசேகரத்தில் ஒருவர் வீட்டுக்கு டெமோ வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பும்போது நேர்வழியில் வந்திருக்கலாம். வரவில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு சாலையில் திருப்பினேன். பக்கத்தில் யாரும் இல்லாமல், யாருக்கும் எதையும் விளக்காமல், சும்மா ஓட்டவேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அந்த ஆசையில் என்ன குற்றம் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வளைவில் டயர் வழுக்கியது. ஒரு ரப்பர் மரம் நேரே வந்தது. அப்புறம் ஒரு வெடிச்சத்தம்.

கண் திறந்தபோது வண்டிக்குள் வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. பட்டாசு வாசனை. ஸ்டியரிங்கைப் பிளந்துகொண்டு வந்த ஏர்பேக் என் முகத்தைத் தாங்கியிருந்தது. பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒன்று வெளியே வந்து தொங்கியது. முன்கையில் தோல் உரிந்து எரிந்தது. வேறொன்றும் இல்லை.

அது இல்லாவிட்டால் நான் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் நான் செய்தது என்னவென்று அப்போதுதான் முழுதாகப் புரியும்.

போன் செய்தேன். மேனேஜர் வந்தார். திட்டவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுபா, இன்சூரன்சுக்குப் போனா அடிபட்ட வண்டின்னு ரெக்கார்டுல ஏறிரும். பொறவு வெல கிட்டாது. மேல உள்ளவங்க, ஆரு ஓட்டினா, இந்த ரோட்டுல என்ன சோலின்னு கேப்பாங்க. வெளிய ஒரு ஒர்க்‌ஷாப்புல குடுத்து சரியாக்கிருவோம். நீயும் பேசாண்டாம், நானும் பேசல்ல."

நான் தலையாட்டினேன். அவர்மேல் எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நன்றி பொங்கியது தெரியுமா... அழுதுவிட்டேன்.

வீட்டில் கையைக் காட்டி, ஷோரூமில் டீப்பாத்திரம் சரிந்தது என்றேன். கணவரே மருந்து தடவிவிட்டார்.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. முன்பக்கம் முழுக்கப் புதிது. ஏர்பேக்கை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ஆகும் செலவைச் சொல்லி, "அது ஆரு பிரிச்சுப் பாக்கப்போறா?" என்று மேனேஜரே சொன்னார். கிழிந்த இடத்தில் மூடிகள் மட்டும் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே வெறும் குழி. கோளாறு இருந்தால் அணையாமல் எரியவேண்டிய சின்ன விளக்கை வேறொரு விளக்கின் ஒயரோடு கட்டிவிட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் அது ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது.

"சரி சார்" என்றேன். அந்த இரண்டு சொற்களில் நானும் பங்காளி ஆனேன்.

சில மாதங்களில் அந்த வண்டியை விற்பனைக்குப் போட்டார்கள். யாரோ வாங்குவார்கள், பார்த்து ஓட்டுவார்கள், ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத ஒருவருக்கு அது போவதில் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இருக்கவில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

பிறகுதான் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான்.

வருகிறபோதே கார் எடுக்கும் முடிவோடுதான் வந்திருந்தான். தோவாளைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவன் வீடும் என் வீடும் அடுத்தடுத்த தெரு. ஒருநாள் எனக்குச் சொல்லாமலே தன் மனைவி, என் மைனியையும் மகள் ஹரிணியையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்கு வந்து நின்றான். புது வண்டி என்றால் காத்திருக்க வேண்டும். அவனுக்கு லீவு குறைவு. "ரெடியா ஒரு டெமோ வண்டி நிக்கி சார்" என்று மேனேஜர் வெளியே அழைத்துப் போனார். அவன் என் அண்ணன் என்று தெரிந்ததும் அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒரே கணம்தான். பிறகு சிரித்தார்.

"அப்பம் நல்லதாப் போச்சு. உங்க தங்கச்சி கையில ஓடின வண்டியாக்கும் இது."

அண்ணன் வண்டியைச் சுற்றிவந்து, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான். ஹரிணி அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மைனிதான் தயங்கினாள். "டெமோ வண்டின்னா கண்டவனும் போட்டு இழுத்திருப்பானே... நல்லா யோசிச்சு எடுங்க" என்றாள். அன்றைக்கு முடிவு செய்யாமல் போனார்கள். நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

வேண்டாம் என்று அவனே சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கினேன். போனில் மெல்லச் சொல்லியும் பார்த்தேன்.

"அண்ணா, கொஞ்சம் பொறுத்துப் புதுசே எடுக்கலாம்லா?"

"பொறுக்கதுக்கு எனக்கு லீவு எங்கட்டி இருக்கு? வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன் மக்கா. அது நீ ஓட்டின வண்டி. ஒனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கு?"

ஆமாம். எனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை... வாயைத் திறந்தேன். எதிரே கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். எல்லாரும் இருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த மைனி என்னிடம் நேராகவே கேட்டாள்.

"சுபா, உள்ளதச் சொல்லு. அடிபட்ட வண்டி ஒண்ணும் இல்லேல்லா?"

கணவர் என்னைப் பார்த்தார். அண்ணன் பார்த்தான். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதன் பின்னாலேயே வேலை, மேனேஜர், கணவரின் சிரிப்பு, கைக்காயத்துக்குச் சொன்ன பொய், எல்லாம் வரிசையாக வந்தன.

"இல்ல மைனி" என்றேன்.

"அப்பம் எடுக்கலாமா?" என்றான் அண்ணன்.

"எடுக்கலாம்ணா."

அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

வண்டி வந்தது. கோயில் முன்னால் நிறுத்தி மாலை போட்டார்கள். அம்மா பின்சீட்டில் ஏறியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் ஊரெல்லாம் ஓட்டினான். அவன் திருவனந்தபுரம் போன அன்று நான் ஏதாவது சாக்குச் சொல்லிச் சொல்லிப் போன் செய்துகொண்டே இருந்தேன். "ஒனக்கு என்னட்டி இத்தனை பாசம்?" என்று சிரித்தான். அவன் லீவு முடிந்து போய்விட்டால் வண்டி சும்மா நிற்கும், அதோடு நானும் மூச்சு விடலாம் என்று நாட்களை ஓட்டினேன்.

போகிற அன்று அவன் சாவியை என் கையில் வைத்தான்.

"மைனிக்கு ஓட்டத் தெரியாது. நீ சோலிக்குப் போகும்போ ஹரிணியப் பள்ளிக்கூடத்துல விட்டிரு. நீ ஓட்டினா எனக்கு அங்க நிம்மதியா ஒறங்கலாம்."

இப்படித்தான், நான் மரத்தில் மோதிய வண்டியே என்னிடம் திரும்பி வந்தது. இந்த முறை பக்கத்தில் ஒரு குழந்தையோடு.

நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினேன் என்றால், சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாள் வெள்ளமடம் பக்கம் முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தபோதே என் இடதுகை ஹரிணியின் நெஞ்சுக்குக் குறுக்கே போய்விட்டது. மோதவில்லை. ஓர் அடி பாக்கி இருந்தது.

"அத்தை, பயந்துட்டியளா? கைய எடுங்க" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். முன்னால் உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்கும் என்று ஒரு பொய். இதற்கெல்லாம் கணக்கு வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

சரி செய்ய முயலவில்லையா என்று கேட்பீர்கள். திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்தேன். இருக்கிற நகையை எல்லாம் வைத்தாவது மாற்றிவிடலாம் என்றிருந்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் கேட்டார்: விபத்து எப்போது நடந்தது, அப்போது யார் ஓட்டியது, வண்டி யார் பெயரில் இருக்கிறது... பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இன்னொரு முறை நான் முயலவில்லை. பணமா தடுத்தது? இல்லை. அந்தக் கேள்விகள்தான் தடுத்தன.

இதற்கு நடுவே என் வேலையும் நடக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களிடம், "ஆறு ஏர்பேக் இருக்கு, பயமில்லாமப் போலாம்" என்று நான்தான் சொல்லவேண்டும். சொல்கிறேன். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொல்கிறேன்.

ஆனாலும் ஒன்று இருந்தது. ஸ்டியரிங் என் கையில் இருக்கும்வரை வேகமும் என் கையில் இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் கிடந்தேன்.

இப்போது அதுவும் போய்விட்டது. மைனி ஓட்டப் படித்துவிட்டாள்.

என்னைத் தினமும் சிரமப்படுத்தக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லி, அவளாகவே பயிற்சிக்குச் சேர்ந்து லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பயிற்சி முடிந்ததும் கை பழக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிச் சாலையில் ஓட்டினாள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மைனிக்குப் பயமே இல்லை. இத்தனை வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ரப்பர்க்காட்டுச் சாலையில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இன்னும் கொஞ்சம் விடட்டா சுபா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினாள்.

"மைனி" என்றேன்.

"என்னட்டி?"

இதுதான் நேரம். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும்... அவள் சாலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல. முன்னால பாத்து ஓட்டுங்க."

நேற்று மைனி என் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். "எல்லாம் என் தங்கச்சி கூட இருந்து பழக்கினதாக்கும்" என்று அவன் சொல்வது எனக்கும் கேட்டது. இனி என்னை எதிர்பார்க்க வேண்டாமாம். ஹரிணியை மைனியே கொண்டுபோய் விடுவாளாம். அம்மாவின் முன்னால் என்னை நிறுத்தி, நீதான் எங்களுக்கு எல்லாம் என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் புறப்படுவார்கள். தெருமுனை திரும்புகிறவரை நான் வாசலில் நின்று கையசைப்பேன். அதன் பிறகு போன் அடிக்கக் கூடாது... மாலை வரைக்கும் என் போன் அடிக்கவே கூடாது.