பச்சைப் பேனா

எங்கள் மென்பொருள் கம்பெனியில் அவர், நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டர். காஞ்சிபுரத்தில் நான் ஏறும் காலை ரயிலில் அவர் வாலாஜாபாத்தில் ஏறுவார். தூக்கம் போதாத கண்கள், காலர் நைந்த சட்டை. ஜாவா நிரலின் பிரிண்ட் அவுட்டை மடியில் விரித்து, மனிதர்கள் படிப்பதற்காக நடுநடுவே எழுதி வைக்கும் கமெண்ட்டுகளுக்கு மட்டும் பச்சைப் பேனாவால் கோடு போடுவார்.

அந்த வாரம் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் ஃபங்ஷன் எனும் பழைய நிரல்துண்டு ஒன்றின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. வெறுமனே தேடி மாற்றினால், வாடிக்கையாளருக்குப் போகும் செய்திகளிலும் அந்தச் சொல் மாறிவிடும். அதனால் நிரலைக் கிளை கிளையாகப் பிரித்து மரமாக்கி, உரிய கிளையை மட்டும் மாற்றி, மறுபடி நிரலாக எழுதித் தரும் புரோகிராம் ஒன்றைச் செய்தேன். கண் எரிந்தாலும் பெருமையாக இருந்தது.

மறுநாள் ரயிலில், என் புரோகிராம் மாற்றி எழுதிய நிரலின் பிரிண்ட் அவுட் மடியில் விரிந்திருந்தும் அவர் பேனாவைத் திறக்கவே இல்லை.

“கமெண்ட்டெல்லாம் எங்கபா?”

“அது மரத்துல வராது சார். மெஷினுக்கு அது தேவையில்ல.”

தாள்களை மடித்தார். “எனக்கு ஜாவா தெரியாதுபா. நாலு வருஷமா அந்தக் கமெண்ட்டப் படிச்சித்தான் வேல செஞ்சிக்கினு இருக்கேன். ஆபீஸ்ல சொல்லிடாத” என்று கண்களை மூடிக்கொண்டார்.

பழைய பிரதியை மீட்டு, கமெண்ட்டுகள் அழியாதபடி புரோகிராமைத் திருத்த இரண்டு நாள் ஆனது. முடித்த அலுப்போடு அந்தப் புரோகிராமையே பிரிண்ட் எடுத்து அவரிடம் நீட்டினேன். செங்கல்பட்டு வரை பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“நல்லா இருக்குதுபா” என்று திருப்பித் தந்தார்.

ஒரு பச்சைக் கோடுகூட இல்லை. அதில் நான் ஒரு கமெண்ட்டும் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.