வலது கால் பக்கம் வைத்த பந்து

என் பந்தை இன்னொருவர் காலால் நகர்த்தினால் எனக்குக் கோபம் வரும். அது கட்டிய கணவரே ஆனாலும் வரும்.

அவர் ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் குடியிருந்த கன்டோன்மென்டில் கோல்ஃப் மைதானம் உண்டு. அங்கேதான் இருவரும் ஆடப் பழகினோம். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் அச்சன்புதூர் பக்கம் தரிசாகக் கிடந்த எங்கள் நிலத்தில் ஒரு மூங்கிலை நட்டு, கொடியாகச் சிவப்புத் துணியைக் கட்டினார். ராணுவத்திலிருந்து வந்த வேறு மூன்று பேரும் ஆட வந்தார்கள். போன ஆனியில், ஒரு மலை ஊரில் நாலு பேர் அணிகளுக்குப் போட்டி என்று தெரிந்தது. அந்த மூவரும் போவது முடிவாகிவிட்டது. நாலாவது இடம் அவருக்கா, எனக்கா? ஆளுக்கு ஒரு அடி, கொடிக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவர் வரட்டும் என்றார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டியிருந்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டிருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று முகத்தில் அறைந்தது. இவர் வழக்கம்போலப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, பலம் கொண்ட மட்டும் ஓங்கி அடித்தார். பந்து உயரே ஏறி, அங்கேயே தயங்கி, பாதி வழியில் விழுந்தது.

எதிர்காற்றில் பந்தை உயர விடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் முறை வந்ததும் பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்தேன். கால்களை அகட்டி ஊன்றினேன். அந்தத் தூரத்துக்கு வழக்கமாக எடுக்கும் ஏழாம் நம்பர் மட்டையை விட்டுவிட்டு, பந்தைத் தாழ அனுப்பும் ஐந்தாம் நம்பரை எடுத்து, பிடியைச் சற்று இறக்கிப் பிடித்தேன். உடனே இவர் வந்துவிட்டார்.

“ஏட்டி, பந்த முன்னால வை. இங்கன.”

ஷூ நுனியால் நகர்த்தியே விட்டார். நான் திரும்ப எடுத்து வைத்தேன். மறுபடியும் நகர்த்தினார்.

“தொடாதீங்க! ஒங்க பந்த நான் தொட்டேனா?”

பழைய இடத்திலேயே வைத்து, அரை வீச்சுதான் வீசினேன். பந்து தாழப் பறந்து, தரையில் ஓடி, கொடிக்குப் பத்தடி தள்ளி நின்றது.

“மதினி அடிக்கும்போது காத்து நின்னுட்டுல்லா?” என்றார் மூவரில் மூத்தவர். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய தொப்பி பறந்து வாய்க்காலில் விழுந்தது. ஓடிப்போய் அதை எடுத்து, பிழிந்துகொண்டே வந்து, “அண்ணாச்சி இன்னொண்ணு அடிக்கட்டும். அதான் நியாயம்” என்கிறார்! என்ன நியாயமோ.

இவரும் கூச்சமில்லாமல் போய் நின்றார். என் கையிலிருந்த ஐந்தாம் நம்பரை வாங்கிக்கொண்டார். கால்களை அகட்டினார். பந்தை வலது கால் பக்கம், நான் வைத்த அதே இடத்தில் வைத்தார். அது தாழப் பறந்துபோய்க் கொடியடியிலேயே நின்றது. மூவரும் கை தட்டினார்கள். காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“பந்த எங்கன வைக்கணும்னு தெரிஞ்ச ஆளுல்லா அண்ணாச்சி!”

அவள் வைத்த இடம் என்று ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தால் போதும், என் வயிறு இப்படி எரிந்திருக்காது. இவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

நாலாவது ஆளாக அவர்தான் போனார். கிளம்புவதற்கு முந்தின நாள், வழிக்கு நாலு பேருக்கும் புளியோதரை கட்டித் தரச் சொன்னார்.

“காத்துக்கு அடுப்பு பத்தல” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.