வெள்ளகவியில் மண்ணால் எழுதிய படம்

மாசி மாதம், கொடைக்கானலில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டேன். மோட்டாரில் போகச் சொன்னார்கள். கால் இருக்கும்போது எனக்கு எதற்கு மோட்டார்? பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வரை ஐந்து மைல் மாட்டுவண்டி. அதற்குமேல் அரிசி மூட்டை சுமப்பவர்களோடு ஒற்றையடிப் பாதை. உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன்.

உச்சிப் பொழுதில் வெள்ளகவி வந்தது. ஊர் எல்லையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கச் சாமி இடமாம்.

கோயில் முன்னால் கூட்டம். மெட்ராஸிலிருந்து படம் எழுதுகிற தம்பி ஒருவர் வந்து, ஒரு மாதமாகத் தங்கி, கோயிலை ஒட்டிய சாமி சோலையை எழுதியிருக்கிறார். அன்று அவர் புறப்படுகிற நேரம் பூசாரி மறித்துக்கொண்டார். சோலைக்குள் மண்ணெடுத்து, பிசினில் குழைத்துச் சாயமாக்கிவிட்டாராம். அந்த மண் எல்லை தாண்டக்கூடாது.

"அப்ப படத்தை நீங்களே வச்சுக்கங்க," என்றார் தம்பி, முகம் செத்துப்போய்.

"சோலையே இங்கன கெடக்கு. படத்த வச்சு நாங்க என்ன செய்ய?" என்றார் பூசாரி.

நான் படத்தை எட்டிப் பார்த்தேன். பெரிய மரம், அதன் வேர்மேல் ஒரு பெண், பூசாரியின் மனைவியாம், உட்கார்ந்திருக்கிறாள். அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது.

தம்பி படத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க, கூட்டமும் பின்னால் போனது. சோலை மண்ணைச் சோலையிலேயே விட்டுவிடலாம் என்று ஊற்றுக்குப் போய்ப் படத்தின்மேல் தண்ணீரைக் கோரி ஊற்றினார்.

"ஐயையோ, என்னையக் கழுவிராதீக!" என்று பூசாரியின் மனைவி ஓடிவந்தாள்.

அவள் கரையவில்லை. அவளை மட்டும் பட்டணத்து மசியால் எழுதியிருந்தாராம். மரம் போயிற்று, தரை போயிற்று. வெள்ளைத் தாளில் அவள் மட்டும் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாருக்குய்யா! இப்படித் தொங்கவிட்டா மெட்ராஸ்ல என்னைய என்னன்னு நெனப்பாக?"

புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனவள், முந்தானை நிறைய மண்ணோடு திரும்பினாள்.

"இது எல்லைக்கு வெளிய இருக்க என் பூண்டுக் காட்டு மண்ணு. இதுக்குச் சாமி கணக்குக் கேக்காது. என்னைய இதுல உக்கார வச்சு எங்க வேணாலும் கொண்டு போங்க."

பூசாரி வழியை விட்டு விலகி நின்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்து மறுபடி பிசின் குழைத்தார். அவள் காலடியில் தரை ஏறுகிறவரை நான் நகரவில்லை.

எங்கள் ஊர் வீடுகளிலும் படங்கள் உண்டு. எல்லாம் எந்த ஊர் என்றே தெரியாத அரண்மனையும் பூந்தோட்டமும். கிளம்பும்போது தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

"அடுத்தாப்ல பெரியகுளம் வாங்க. என் மாந்தோப்பு மண்ணு இதவிடச் செவப்பு."