கூட்டுப் பணத்தை எதற்குக் கீழே போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்போய் வட்டாரத்தில், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து புளோக்கில் வாடகைக்கு இருக்கிறாள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முகமெல்லாம் பல்.

"அக்கா, டெபோசிட் ரெடி லா! வர்ற சனிக்கிழமை கூலாய்ல வீடு புக்கிங் பண்ணப் போறோம். ஒரு தடவ கணக்கப் பாத்துடுங்க."

பார்க்காமல் விடுவேனா? கணக்கு மென்பொருளை அவளுக்குப் பழக்கிவிட்டதே நான்தான். முதலில் தாய்க் கணக்கு, அதற்குள் துணைக் கணக்குகள்... 'வீட்டுச் செலவு' என்று ஒன்றைத் திறந்து, உள்ளே மளிகை, பெட்ரோல், டியூஷன் என்று பிரித்துவிட்டால் போதும். மொத்தத்தை அதுவே கூட்டிக்கொள்ளும்.

வசந்தி அழகாகத்தான் பிரித்திருந்தாள். 'சேமிப்பு' என்ற தாய்க் கணக்குக்குள் வங்கி, நகை, கூட்டு. மூன்றில் கொழுத்தது கூட்டுதான்.

சீட்டுப் பிடிப்பதுபோல இங்கே கூட்டு பிடிக்காத தொழிற்சாலை உண்டா? ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போடுவார்கள். மொத்தத்தையும் மாதம் ஒருவராக முறைவைத்து எடுப்பார்கள். கடைசி ஆள் எடுக்கும்வரை எல்லாரும் கட்டியாக வேண்டும்.

"நீ எப்ப எடுக்கப் போற?" என்றேன்.

"நானா? மொத மாசமே எடுத்துட்டேனே... தம்பி கல்யாணத்துக்கு."

திரையில் 'கூட்டு' என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"எடுத்துட்டியா? அப்ப இதுல என்ன இருக்கு?"

"மாசா மாசம் கட்டுறேனேக்கா! ஒரு மாசம்கூட விட்டதில்ல."

கட்டுகிறாள், உண்மைதான். ஆனால் முதலிலேயே வாங்கிச் செலவழித்த பணத்துக்கு அல்லவா கட்டுகிறாள்! அது சேமிப்பா... கடனா? மென்பொருளுக்கு என்ன தெரியும்? நாம் எதற்குக் கீழே வைக்கிறோமோ, அதோடு சேர்த்துக் கூட்டும். தம்பி கல்யாணத்தில் பிரியாணியாகிப் போன பணம், வசந்தியின் சேமிப்பில் மாதாமாதம் வளர்ந்துகொண்டிருந்தது.

அவளை மட்டும் சொல்வானேன்? அடகுக் கடையில் தூங்கும் சங்கிலியை 'நகை' என்று எழுதி வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! கையை விட்டுப் போகிற காசெல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நமக்கு ஒரு நினைப்பு.

நான் சுற்றி வளைக்கவில்லை. கூட்டை 'சேமிப்பி'லிருந்து எடுத்தேன். இன்னும் கட்ட வேண்டிய தவணைகளை 'கடன்' என்ற தாய்க் கணக்குக்குக் கீழே போட்டேன். சேமிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

"அலமாக்..." என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவள் கணவர் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதே இந்த வீட்டுக்காகத்தான். மகளுக்குத் தனி அறை என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய்க் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்ல முடியுமா?

"நீங்க பாக்காமலே இருந்திருக்கலாம்க்கா" என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

வாரம் முழுக்கப் பேச்சில்லை. லிஃப்டில் பார்த்தால்கூட போனில் எதையோ தேடினாள்.

சனிக்கிழமை வந்தது. புக்கிங்குக்குப் போகவில்லை. சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அக்கா, ஃபேக்டரில புதுக் கூட்டு ஆரம்பிக்கிறாங்க. இந்தத் தடவ கடைசி ஆளா எடுக்கிறேன்னு பேர் கொடுத்துட்டேன். இத எதுக்குக் கீழ போடுறது?"

"சேமிப்புக்குக் கீழதான். தைரியமா போடு!"

ஒரு வாரம் என்மேல் கோபப்பட்டாள்... பரவாயில்லை, முப்பது வருட வீட்டுக் கடனைவிட அது ரொம்ப மலிவு.